போர்க்கடன்: நேச நாடுகளுக்குள் கொடுத்ததும் வாங்கியதும் கட்டாமல் விட்டதும்

#1 பேராவூரணிக்காரன்

இரண்டாம் உலகப் போர்க் காலக் கணக்கில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பிரிட்டன் கடைசித் தவணை கட்டியது எப்போது தெரியுமா? 2006 டிசம்பர் 29. அமெரிக்காவுக்கு 8.325 கோடி டாலர், கனடாவுக்கு 2.27 கோடி டாலர். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆன பிறகு! இது எப்பவோ முடிந்த கதை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

எனக்குப் புரியாதது இதுதான். ஹிட்லர் இரண்டு பேருக்கும் எதிரி. ஒருத்தன் வீட்டுக் கூரையில் குண்டு விழுகிறது. இன்னொருத்தன் கடலுக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருந்துகொண்டு சாமான் அனுப்புகிறான். அதற்குப் பில் போடலாமா? எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பார்கள். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவோம். பேர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் சேர்த்துச் செய்வது மரியாதை. அதை யாரும் வட்டி என்று சொல்லமாட்டார்கள். ஒரே பக்கம் நின்று சண்டை போட்டவர்களுக்குள் ஐம்பது வருட வட்டிக்கடன் எதற்கு?

#2 கணக்குப்பிள்ளை

அண்ணே, முதலில் ஒரு திருத்தம். 2006-இல் முடிந்தது போர் நடத்த வாங்கிய கடன் இல்லை. போர் முடிந்த பிறகு வயிற்றுப்பாட்டுக்கு வாங்கிய கடன்.

போர் நடந்தபோது வந்த சாமானில் பெரும்பகுதி லெண்ட்-லீஸ் திட்டத்தில் வந்தது, அதாவது அமெரிக்கா இரவல், குத்தகை என்ற பேரில் நேச நாடுகளுக்கு அனுப்பியது. 1941 மார்ச் 11-இல் சட்டமானது. அதற்கு மூன்று மாதம் முன்னால் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பத்திரிகையாளர்களிடம் சொன்ன தோட்டக் குழாய் கதை பிரபலம். பக்கத்து வீடு பற்றி எரியும்போது குழாயை விலை பேசியா கொடுப்போம், கொடுத்துவிட்டு நெருப்பு அணைந்ததும் குழாயைத் திருப்பிக் கொடு என்போம், அவ்வளவுதான். பிரிட்டனுக்கு மட்டும் சுமார் 3,100 கோடி டாலர் பெறுமான சாமான் இப்படிப் போனது. இதில் பெரும்பகுதிக்குப் பில்லே போடவில்லை. நீங்கள் சொல்லும் மொய்க்கு ரொம்பப் பக்கத்தில் வருவது இதுதான்.

சிக்கல் 1945 ஆகஸ்டில் வந்தது. ஜப்பான் சரணடைந்த ஒரு வாரத்துக்குள், ரூஸ்வெல்ட்டுக்குப் பின் ஜனாதிபதியான ட்ரூமன் குழாயை மூடிவிட்டார். கப்பலில் வந்துகொண்டிருந்ததும் கிடங்கில் கிடந்ததும் அடிமாட்டு விலைக்குக் கணக்கில் ஏறின. பிரிட்டனிடம் ஏற்றுமதி செய்ய ஒன்றும் இல்லை, சாப்பாட்டை இறக்குமதி செய்ய டாலரும் இல்லை. செப்டம்பரில் பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் வாஷிங்டன் போனார். உடம்பு முடியாத மனுஷன். கொடையாகவே கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போனவர், டிசம்பர் 6-ஆம் தேதி கடன் பத்திரத்தோடு திரும்பினார். 375 கோடி டாலர் புதுக்கடன், லெண்ட்-லீஸ் மிச்சத்துக்கு 58.6 கோடி, வட்டி 2 சதவீதம், 50 தவணை. கனடா தனியாகச் சுமார் 120 கோடி டாலர் கொடுத்தது. நெருக்கடி வந்தால் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு சலுகையும் இருந்தது. ஆறு முறை தள்ளினார்கள். அதில் ஒன்று சூயஸ் கால்வாய்ச் சண்டை நடந்த 1956. அதனால்தான் கணக்கு 2006 வரை இழுத்தது.

வட்டியைவிடக் கொடியது ஒரு நிபந்தனை. கடன் நடைமுறைக்கு வந்த ஒரு வருடத்துக்குள் பவுண்டை யார் கேட்டாலும் டாலராக மாற்றித்தர வேண்டும். 1947 ஜூலை 15-இல் கதவைத் திறந்தார்கள். உலகத்தில் பவுண்டு வைத்திருந்தவர்களெல்லாம் டாலர் கேட்டு வரிசையில் நின்றார்கள். ஆகஸ்ட் 20-இல் கதவைச் சாத்திவிட்டார்கள். ஐந்தே வாரம். கடன் வாங்கிய டாலரில் பெரும்பங்கு அதற்குள் காலி.

#3 செவ்வந்தி

2 சதவீதமா! என் வீட்டுக்கடனுக்கு எட்டே முக்கால் கட்டுகிறேன். யாராவது எனக்கும் ஒரு போர் ஏற்பாடு செய்யுங்கள்.

#4 பேராவூரணிக்காரன்

@கணக்குப்பிள்ளை, சரி, திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முதல் உலகப் போரில் இப்படி இலவசமாகக் கொடுக்கவில்லையே? அப்போது நிஜக்கடன்தானே?

#5 கணக்குப்பிள்ளை

ஆமாம், அது வட்டிக்கடையேதான்.

1917-க்குப் பிறகு அமெரிக்க அரசு நேச நாடுகளுக்குக் கொடுத்தது மொத்தம் 1,000 கோடி டாலர் அளவில் வரும். பிரிட்டன் பங்கு வட்டியோடு சேர்த்து 460 கோடி. 1923-இல் நிதியமைச்சர் பால்ட்வின் போய் 62 வருடத் தவணைக்கு ஒத்துக்கொண்டு வந்தார். முதல் பத்து வருடம் 3 சதவீதம், அப்புறம் மூன்றரை. பிரதமர் போனார் லா ராஜினாமா செய்வேன் என்கிற அளவுக்குக் கோபப்பட்டார். பின்னால் வந்த இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் இதைவிட எவ்வளவோ இளக்கமான வட்டி கிடைத்தது. முதலில் போய்க் கணக்கு முடித்தவனுக்குத்தான் அதிக வட்டி.

இதில் வேடிக்கை, பிரிட்டன் மற்ற நேச நாடுகளுக்குத் தான் வாங்கியதைவிட அதிகமாகக் கடன் கொடுத்திருந்தது. பிரான்ஸ், இத்தாலி, ஜார் காலத்து ரஷ்யா. ரஷ்யாவில் போல்ஷெவிக்குகள் 1918-இல் எல்லாக் கடனையும் ரத்து செய்து கையை விரித்துவிட்டார்கள். 1922 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அமைச்சர் பால்ஃபர் ஒரு குறிப்பு வெளியிட்டார். அமெரிக்கா எங்களிடம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுக்கு மேல் நாங்கள் யாரிடமும் கேட்கமாட்டோம் என்பது அதன் சாரம். கேட்க நியாயமாக இருந்தாலும், பழியை வாஷிங்டன் தலையில் கட்டுகிற வேலை அது. அமெரிக்கர்களுக்கு அது புரியாமல் இல்லை.

#6 திண்ணை வாத்தியார்

அமெரிக்காவை வில்லனாக்கும் முன் ஒரு நிமிடம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? லிபர்ட்டி பாண்டு. அயோவாவில் சோளம் விதைக்கிறவனும் சிகாகோவில் கசாப்புக்கடை வைத்திருப்பவனும் வாங்கிய பத்திரம். பாரிஸ் கட்டாவிட்டால் அவனுக்கு வட்டி கொடுக்க அவன் வரியையே உயர்த்த வேண்டும். காங்கிரஸ் உறுப்பினர் ஊருக்குப் போய் என்ன பதில் சொல்வார்?

பிரெஞ்சுக்காரன் பதிலும் பலமானதுதான். அவன் பக்கம் செத்தவர்கள் 13 லட்சத்துக்கு மேல். அமெரிக்கர்கள் சுமார் 1,16,000. நீங்கள் படையைத் திரட்டி வந்து சேரும்வரை உங்கள் துப்பாக்கியை எங்கள் ஆள் தூக்கினான், அதற்கு வாடகையா என்று கேட்டான். மொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தன் பணமாகச் செய்தான், இன்னொருத்தன் பிள்ளைகளாகச் செய்தான். எந்த நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?

ஆனால் அமெரிக்கா செய்த உண்மையான தப்பு வேறு. கடனைக் கேட்டது, கட்டுவதற்கு வழியை அடைத்தது. ஐரோப்பா டாலர் சம்பாதிக்க வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குச் சரக்கு விற்க வேண்டும். 1922-இலும் 1930-இலும் சுங்கவரியை ஏற்றி அந்தச் சந்தையைச் சாத்தினார்கள். அப்புறம் இருபதுகளில் பணம் எப்படிச் சுற்றியது தெரியுமா? நியூயார்க் வங்கிகள் ஜெர்மனிக்குக் கடன் கொடுக்கும். ஜெர்மனி அதைப் பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் போர் இழப்பீடாகக் கட்டும். அவர்கள் அதை அமெரிக்க அரசுக்குத் தவணையாகக் கட்டுவார்கள். சீட்டுக் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு இந்தச் சுற்று நன்றாகப் புரியும். 1929-இல் முதல் கண்ணி அறுந்தது. 1931 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி ஹூவர் எல்லோருக்கும் தவணை கட்டுவதிலிருந்து ஒரு வருட விடுப்பு கொடுத்தார். அடுத்த வருடம் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடி ஜெர்மனியின் இழப்பீட்டைக் கிட்டத்தட்ட முழுக்கத் தள்ளுபடி செய்தார்கள். அமெரிக்கா மட்டும் தன் கடனைத் தள்ளுபடி செய்ய மறுத்தது.

#7 கணக்குப்பிள்ளை

வாத்தியார் விட்ட இடத்திலிருந்து. 1932 டிசம்பர் 15 தவணை நாள். பிரெஞ்சுப் பிரதமர் எரியோ கட்டிவிடலாம் என்றார். நாடாளுமன்றம் அவரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பிரிட்டன் 9.55 கோடி டாலரைத் தங்கமாகக் கட்டியது. 1933-இல் மரியாதைக்கு இரண்டு முறை ஏதோ கொஞ்சம். 1934-இல் அதுவும் நின்றது. அந்தக் கடன் இன்னும் தள்ளுபடி ஆகவில்லை, கட்டவும் இல்லை. பிரிட்டிஷ் கருவூலக் கணக்குப்படி 1934-இல் அமெரிக்காவுக்குக் கொடுக்க வேண்டியது 86.6 கோடி பவுண்டு. பிரிட்டனுக்கு மற்றவர்கள் கொடுக்க வேண்டியது சுமார் 230 கோடி பவுண்டு. இரண்டும் ஏட்டில் தூங்குகின்றன.

அதே 1934 ஏப்ரலில் அமெரிக்கா ஜான்சன் சட்டம் போட்டது. பாக்கி வைத்த நாட்டுக்கு அங்கே யாரும் கடன் கொடுக்கக் கூடாது. அதன் விலை 1940-இல் தெரிந்தது. கடன் கிடையாது, ரொக்கம் கொடு, உன் கப்பலில் ஏற்றிக்கொள். பிரிட்டனின் தங்கம் கரைந்தது. 1941 ஜனவரியில் லூயிவில் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ்டவுனுக்கே போய் பிரிட்டிஷ் தங்கத்தை ஏற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் கம்பெனிகளையும் விற்க வேண்டியிருந்தது. கோர்டால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் அமெரிக்கன் விஸ்கோஸ் கைமாறியது அப்படித்தான். ஏறக்குறைய எல்லாம் துடைத்த பிறகுதான் தோட்டக் குழாய் வந்தது.

#8 செவ்வந்தி

யாரும் பின்லாந்தைச் சொல்லவில்லையே! 1934-க்குப் பிறகும் ஒழுங்காகக் கட்டிய ஒரே நாடு அதுதான். வெறும் 90 லட்சம் டாலர் கடன். 1939 நவம்பர் 30-இல் சோவியத் படை உள்ளே நுழைகிறது. டிசம்பர் 15-இல் தவணை போய்ச் சேர்ந்துவிட்டது! குண்டு விழுகிற நேரத்தில் யார் போய் வங்கியில் பணம் கட்டுவார்கள்? நாணயம் என்றால் அது.

#9 திண்ணை வாத்தியார்

நாணயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு விஷயம். பின்லாந்து நேச நாடு இல்லை. அது போருக்குப் பிறகு பசிக்கு வாங்கிய உணவுக்கடன். அடுத்து, 1917-இல் புதிதாகப் பிறந்த குட்டி நாடு, கிழக்கே பெரிய அண்டை வீடு. தூரத்தில் ஒரு பெரியவர் நல்ல பிள்ளை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வருடத்துக்கு சில லட்சம் டாலரில் அமெரிக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கம் கிடைத்தது. இதைவிட மலிவான விளம்பரம் உண்டா?

பலனும் கிடைத்தது. அந்த டிசம்பரிலேயே அமெரிக்கா 1 கோடி டாலர் கடன் கொடுத்தது, ஆயுதத்துக்கு இல்லை என்றாலும். 1949-இல் இன்னொரு சட்டம்: பின்லாந்து கட்டும் தவணையைப் பின்லாந்து மாணவர்கள் அமெரிக்காவில் படிக்கவே செலவிட வேண்டும். 1976-இல் கடனே தீர்ந்தது. என் கட்சி இதுதான்: கடன் கொடுத்தவனிடம் நாளைக்கும் வேலை இருக்கிறது என்றால் கட்டுவான். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் செத்தவர்கள் கணக்கை எடுப்பான்.

சோவியத்தைப் பாருங்கள். லெண்ட்-லீஸில் 1,100 கோடி டாலர் சாமான் போனது. அமெரிக்கா 1951-இல் 80 கோடி கேட்டது, அவர்கள் 30 கோடி என்றார்கள். 1972-இல் வர்த்தகச் சலுகை வேண்டியிருந்தது, உடனே 72.2 கோடிக்கு ஒத்துக்கொண்டார்கள். சலுகை கிடைக்கவில்லை என்றதும் 4.8 கோடியோடு நிறுத்திவிட்டார்கள்.

#10 வடலி

எல்லாரும் பெரிய வீட்டுக் கணக்கையே கதைக்கிறீங்கள். குடியேற்ற நாடுகளுக்குப் பிரிட்டன் குடுக்க வேண்டியிருந்த கடனை ஒருத்தரும் தொடேல்லையே? 1942-இல் மலாயா விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு மிஞ்சின பெரிய றப்பர் இலங்கைதான். மரம் செத்தாலும் பரவாயில்லை, இப்ப பால் வேணும் என்று சீவச் சொன்னார்கள். கொலைச் சீவல் என்றே அதற்குப் பேர். விலையையும் அவர்களே தீர்மானித்தார்கள். காசு கொழும்புக்கு வரேல்லை, லண்டன் ஏட்டில் ஸ்டெர்லிங்காக, அதாவது பவுண்டாக ஏறினது. மரத்தின்ரை ஆயுளை எந்த ஏட்டில் எழுதினவையோ தெரியாது.

#11 நூல்மில் பேரன்

வடலி சொன்னதன் இந்தியப் பதிப்பு இன்னும் பெரியது. எங்கள் ஊர் ஆர். கே. சண்முகம் செட்டியார் இதில் வருவதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1939 நவம்பர் ஒப்பந்தப்படி இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புச் செலவு இந்தியாவுடையது. வெளியே போய்ச் சண்டை போடுகிற படைக்கும் சரக்குக்கும் பிரிட்டன் பணம் தர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது என்ன? கோயம்புத்தூர் மில்லில் காக்கித்துணி வாங்கினால் மில்காரருக்கு இங்கே ரூபாய் கொடுக்க வேண்டும். பிரிட்டன் லண்டனில் ரிசர்வ் வங்கி பேரில் ஸ்டெர்லிங் வரவு எழுதும். அதை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அடிக்கும். நோட்டுப் புழக்கம் போர்க்காலத்தில் ஆறு மடங்குக்கு மேல் ஏறியது. சரக்கு வெளியே போனது, நோட்டு உள்ளே வந்தது, அரிசி விலை என்ன ஆகும்? 1943 வங்காளப் பஞ்சத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். இதை விட்டுவிட்டு அதைப் பேசவும் முடியாது. அதாவது கடன் கொடுத்தது ரிசர்வ் வங்கி இல்லை. கூலிக்காரன் வயிற்றிலிருந்து போன கட்டாயக் கடன்.

போர் முடிந்தபோது லண்டனில் நம் பாக்கி சுமார் 1,733 கோடி ரூபாய், அதாவது 130 கோடி பவுண்டு. வாழ்நாளெல்லாம் கடன்காரனாக இருந்த நாடு, ஆள்கிறவனுக்கே கடன் கொடுத்தவனாக மாறிவிட்டது. இந்தியாவைக் காப்பாற்றியதற்கு எதிர்க்கணக்குப் போட வேண்டும் என்று சர்ச்சில் அமைச்சரவையில் வாதாடிக்கொண்டே இருந்தார். பாதுகாவல் கூலி!

1944 ஜூலையில், போருக்குப் பிந்தைய உலக நாணய ஏற்பாட்டைப் பேச அமெரிக்காவில் கூடிய பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் சி. டி. தேஷ்முக், சண்முகம் செட்டியார், ஏ. டி. ஷ்ராஃப் எல்லாம் இருந்தார்கள். இந்தப் பாக்கியில் ஒரு பகுதியையாவது டாலராக்கப் புது நாணய நிதியம் உதவ வேண்டும் என்று கேட்டார்கள். வங்கியில் பத்து லட்சம் டாலர் இருக்கிறது, டாக்ஸிக்குக் கொடுக்கச் சில்லறை இல்லை, எங்கள் நிலைமை அப்படி என்றார் ஷ்ராஃப். கெய்ன்ஸ் எழுந்து, இது எங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது, கௌரவமாகத் தீர்ப்போம் என்றார். அத்தோடு சரி. அடுத்த வருடம் இதே கெய்ன்ஸ் வாங்கி வந்த அமெரிக்கக் கடன் பத்திரத்தில், பவுண்டு பாக்கி வைத்திருக்கும் நாடுகளோடு பேசி அதில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளப் பார்ப்போம் என்றும் எழுதியிருந்தது. நம் தலையில் கைவைக்கும் வரி.

குறைப்பதை நம் ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அது பெரிய விஷயம். ஆனால் 1948 ஜூலையில், செட்டியார் நிதியமைச்சராக இருந்தபோது முடித்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ்காரர்கள் இங்கே விட்டுப்போன ராணுவச் சாமானுக்கு 10 கோடி பவுண்டு. அவர்களின் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பென்ஷனுக்கு மாகாணங்கள் பங்கும் சேர்த்து 16.8 கோடி பவுண்டு. நம்மை ஆண்டதற்கான பென்ஷனை, நமக்கு வர வேண்டிய கடனிலேயே பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் வருடா வருடம் சொட்டுச் சொட்டாக. 1949 செப்டம்பரில் பவுண்டு 4.03 டாலரிலிருந்து 2.80-க்கு விழுந்தது. பாக்கியின் டாலர் மதிப்பில் முப்பது சதவீதம் ஒரே ராத்திரியில் போயிற்று.

#12 பேராவூரணிக்காரன்

நான் மொய் விருந்து என்று ஆரம்பித்தேன், இது கட்டாயக் கடன் கதையாகிவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம். தலைப்பு நேச நாடுகள். இந்தியா அடிமை நாடு அல்லவா? இது நேச நாட்டுக் கடனில் சேருமா?

#13 நூல்மில் பேரன்

காகிதத்தில் சேரும். 1942 ஜனவரி 1 ஐக்கிய நாடுகள் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட 26 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கையெழுத்துப் போட்டவரை யார் அனுப்பினார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

#14 பழங்காசு

இவ்வளவு நாள் வாசிக்க மட்டும் செய்தேன். இந்தப் பேச்சில் என் சரக்கும் கொஞ்சம் இருக்கிறது.

என் ஆச்சியின் சுருக்குப்பையில் இருந்த மூன்று ரூபாய்க் காசுகள் இப்போது என் மேஜை மேல் இருக்கின்றன. 1919, 1944, 1947. முதலாவது ஐந்தாம் ஜார்ஜ். சுண்டினால் மணிச்சத்தம் வரும், 91.7 சதவீதம் வெள்ளி. இரண்டாவது ஆறாம் ஜார்ஜ். அளவும் எடையும் அதேதான், ஒரு தோலா. ஆனால் பாதிதான் வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். கள்ளக்காசு வராமல் இருக்க விளிம்பில் நடுவே ஒரு வாய்க்கால் வெட்டி அதற்குள் வேலைப்பாடு. மூன்றாவதில் பின்பக்கம் புலி. வெள்ளி ஒரு குண்டுமணிகூடக் கிடையாது, சுத்த நிக்கல்.

இந்த இறக்கத்துக்குப் பின்னால் ஒரு நேச நாட்டுக் கடன் இருக்கிறது. போர்க்காலத்தில் ஜனங்கள் நோட்டை நம்பாமல் வெள்ளிக்காசைப் பதுக்கினார்கள். காசுத் தட்டுப்பாடு. அமெரிக்கா லெண்ட்-லீஸில் இந்தியாவுக்குச் சுமார் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளி அனுப்பியது. டாங்கியும் லாரியும் மாதிரி இல்லை இது. போர் முடிந்த பின் அவுன்ஸுக்கு அவுன்ஸ் வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை. தோட்டக் குழாய் கதை அட்சரம் பிசகாமல் பொருந்தியது இந்த வெள்ளிக்குத்தான்.

எங்கிருந்து திருப்புவது? காசை நிக்கலுக்கு மாற்றினார்கள். 1940-க்குப் பின் அடித்த பாதி வெள்ளிக் காசுகளைப் புழக்கத்திலிருந்து இழுத்தார்கள். கல்கத்தா அலிப்பூரில் வெள்ளியைப் பிரிக்கத் தனிச் சுத்திகரிப்பு ஆலை வைத்தார்கள். பாகிஸ்தானும் தன் பங்கை ஏற்றுக்கொண்டது. 1957-க்குள் கணக்கு தீர்ந்தது. சும்மா ஒரு கணக்கு போட்டேன். ஒரு காசில் 5.83 கிராம் வெள்ளி. 22.6 கோடி அவுன்ஸ் என்றால் 7,000 டன். பாதி வெள்ளி ரூபாயாக உருக்கினால் 120 கோடி காசு.

#15 செவ்வந்தி

வர வேண்டிய கடன் பவுண்டில், அது கரையும். கொடுக்க வேண்டிய கடன் வெள்ளியில், அது கரையாது. நல்ல சாமர்த்தியம்.

அந்த 1919 காசு என்ன விலை போகும்?

#16 பழங்காசு

விற்கிற எண்ணம் இல்லை. நகைக்கடையில் வெள்ளி விலைக்குக் கேட்டார்கள். 1944-க்குப் பாதி விலை சொல்லி, செம்பைக் கழிக்கக் கூலி வேறு கேட்டார்கள். அலிப்பூர் ஆலைக்கும் இதே தலைவலி இருந்திருக்கும்.

#17 திண்ணை வாத்தியார்

வெள்ளிக் கதை எனக்குப் புதிது, நன்றி. என் கட்சிக்கும் ஒத்துவருகிறது. ஐம்பதுகளில் நமக்கு அமெரிக்கக் கோதுமை வேண்டியிருந்தது. ஏழாயிரம் டன் வெள்ளியில் வாய்தா கேட்டுக்கொண்டே கோதுமையும் கேட்க முடியாது.

#18 நூல்மில் பேரன்

வாத்தியாரே, உங்கள் விதிப்படி பார்த்தால் பிரிட்டனுக்கும் இந்தியாவிடம் நாளைக்கு வேலை இருந்தது. பவுண்டில் கணக்குப் பார்க்கும் நாடுகளின் ஸ்டெர்லிங் வட்டாரத்தில் நாம் இருக்க வேண்டும், அவர்கள் இயந்திரத்தை நாம் வாங்க வேண்டும். அதனால்தான் முழுக்க ஏமாற்றாமல் சொட்டுச் சொட்டாகவாவது கொடுத்தார்கள் என்பேன். வந்த பவுண்டு திரும்ப அங்கேதான் போனது.

#19 பேராவூரணிக்காரன்

பழங்காசு ஐயா, அந்த மூன்றையும் ஒரு படம் போடுங்கள். நிக்கலைப் பார்த்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது? என் அப்பத்தா பெட்டியிலும் புலி போட்டது ஒன்று கிடக்கிறது. இத்தனை வருடம் வெள்ளி என்று துடைத்து வைத்திருக்கிறோம்.

#20 பழங்காசு

படம் ராத்திரி போடுகிறேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் புலி மேல் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் நிக்கல். 1944 ஒட்டாது.

#21 பேராவூரணிக்காரன்

ஒட்டிக்கொண்டது.